ஐந்து மணி நேரம்

மல்லாங்கிணற்றுப் பக்கத்தில் ஒருவர் சாலையில் ஓடினால் அதற்கு இரண்டே பொருள்தான் உண்டு. வீட்டில் யாருக்கேனும் உடல்நிலை மோசமாகியிருக்க வேண்டும்; இல்லையேல் பேருந்து புறப்பட்டிருக்க வேண்டும். வேறு காரணத்துக்காக எவரும் ஓடி இம்மண் பார்த்ததில்லை. எனவே, ஐம்பதைக் கடந்த அண்ணன் தம்பி இருவர் அரைக்கால் சட்டை அணிந்து, விடியற்காலை நான்கரை மணிக்கு விருதுநகர்ச் சாலையில் மூச்சிரைக்க ஓடத் தொடங்கியபோது ஊர் கவலைப்பட்டதில் வியப்பில்லை. பால் கறக்கப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "யாருக்கு என்னய்யா ஆச்சு?" என்று மெய்யான பதற்றத்தோடு கேட்டார். "ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான் ஓடுறோம்" என்றோம். அவருடைய பதற்றம் நீங்கவில்லை, கூடிற்று. அன்று மாலைக்குள் எங்கள் இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்ற செய்தி தெருவெங்கும் பரவியிருந்தது.

ஒருவகையில் அச்செய்தி உண்மையே. எங்களுள் மூத்தவருக்கு 2021இல் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் அளவு 8.9 என வந்தது. இளையவருக்கு 6.2, அதாவது வாசற்படியில் ஒரு கால். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், அதன் விளிம்பில் இன்னும் பதின்மூன்று கோடிப் பேர் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் நாங்களும் இருவர் என்று ஆறுதல் கொண்டிருக்கலாம். எங்களால் இயலவில்லை. எங்கள் அய்யாவின் கால் எங்கள் கண்முன் இருந்தது.

அய்யா கரிசல் விவசாயி. பருத்தியும் கம்பும் கொத்தமல்லியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர். செருப்பைத் திண்ணையோரம் விட்டுவிட்டு வெறுங்காலோடு காட்டுக்கு நடப்பார். கரிசல் மண் மழைக்காலத்தில் காலில் அப்பிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் எடை கூட்டும். கோடையிலோ பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். அய்யாவின் பாதங்களும் சித்திரை மாதக் கரிசலைப்போல் வெடித்தே இருந்தன. ஒருநாள் சீமைக் கருவேல முள்ளொன்று குதிகாலுக்குச் சற்று முன்னே தைத்தது. ஒரு விரற்கடை ஆழம் ஏறிய அம்முள் மூன்று நாள் உள்ளேயே இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. பாயில் சீழ்க்கறையைக் கண்டு அம்மாதான் கேட்டார். சர்க்கரை நோய் நாட்பட்டால் கால் நரம்புகள் மரத்துவிடுகின்றன. வலி என்னும் செய்தி பாதத்திலிருந்து புறப்படுவதே இல்லை. குருதியோட்டமும் குறைந்துவிடுவதால் புண்ணும் ஆறுவதில்லை. முதலில் ஒரு விரல் போயிற்று, பிறகு முன்பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே அனைத்தும். கடைசி நான்கு ஆண்டுகள் அவர் திண்ணையில் அமர்ந்து, காட்டுக்குப் போகிறவர்களின் முகத்தைப் பாராமல் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடுக்குதுடா" என்று, இல்லாத அந்தப் பாதத்தைச் சொல்லி இரவில் அழுவார். இருந்தபோது வலிக்காத கால், போன பிறகு வலித்தது.

மருத்துவர் எங்களை நடக்கத்தான் சொன்னார். நடந்தோம். நடை ஓட்டமாக மாறிய நாள் எது என்பது நினைவில் இல்லை. சர்க்கரை நோயோடும், விபத்தில் முறிந்த முழங்காலோடும் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தவர் மா. சுப்பிரமணியன், 2021இல் தமிழகத்தின் நலவாழ்வுத் துறை அமைச்சரானவர். அவரைப் பற்றிப் படித்தது எங்களுக்குத் துணிவு தந்தது. ஆயினும் மருத்துவர் எளிதில் இசையவில்லை. இதயம், கண், சிறுநீரகம் யாவற்றையும் சோதித்த பிறகே தலையசைத்தார். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது; சட்டைப்பையில் குளுக்கோஸ் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது; ஓடி வந்ததும் இரு பாதங்களையும் கண்ணாடி வைத்துப் பார்த்தாக வேண்டும். இவை அவர் விதித்த நிபந்தனைகள். மூத்தவர் ஒரு சிறு முகக் கண்ணாடி வாங்கினார். ஐம்பத்து நான்கு வயதில் ஒருவர் தம் உள்ளங்கால் ரேகைகளை நாள்தோறும் இவ்வளவு கவனத்தோடு பார்ப்பதைக் கண்டு பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள்.

மாரத்தானின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். முழு எண்ணாக இல்லாத இந்தத் தூரத்துக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான் ஓடினார்கள். 1908இல் இலண்டன் போட்டியை வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் வீற்றிருந்த மாடத்தின் முன் முடித்தபோது இந்தத் தூரம் வந்தது. 1921இல் அதுவே நிலையான அளவாயிற்று. அரசிக்கு வசதியாக வகுத்த தூரத்தை நூறாண்டு கழித்தும் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் அந்த அரண்மனையை நினையாத ஓட்டக்காரர் இரார்.

எங்கள் பயிற்சிக்களம் சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களே. விருதுநகர்த் திசையில் சில நாள், காரியாபட்டித் திசையில் சில நாள். இருபுறமும் சீமைக் கருவேலம் அடர்ந்த சாலையில் இருள் பிரியுமுன் ஓடுவதில் நாய்களைத் தவிர வேறு இடையூறு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூரம் கூட்டுவோம்: பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தாறு, முப்பது. எங்கள் வட்டாரத்தில் பங்குனி தொடங்கிவிட்டால் காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறி அமர்ந்துகொள்ளும். வெப்பம் மிகுந்தால் இதயம் தோலைக் குளிர்விக்கவும் குருதியை அனுப்பியாக வேண்டும். கால்களுக்குரிய பங்கு குறைகிறது. அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறுகிறது. வேர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் குருதியில் உப்புச்செறிவு தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகக் கூடும் என்பதை ஓடத் தொடங்கிய பிறகே அறிந்தோம். உப்பிட்ட நீராகாரத்தைக் குடித்துவிட்டு வெயிலில் ஏர் பிடித்தவர்கள் இந்த அறிவியலைக் கேட்காமலேயே கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள். கடைகளில் விலை கூடிய பானப்பொடிகள் இருக்கின்றன. எங்களுக்கு மோரும் உப்பும் போதுமாயிருந்தன.

2023 ஜனவரியில் சென்னையில் முதன்முறை முழு மாரத்தான் ஓடினோம். 5 மணி 38 நிமிடம் ஆயிற்று. முடித்த மகிழ்ச்சி ஒரு வாரம் இருந்தது. அதன் பின் ஒருநாள் இளையவர், "அண்ணே, அஞ்சு மணி நேரத்துக்குள்ள முடிச்சா என்ன?" என்றார். அந்தக் கேள்வி எங்களை ஓராண்டு ஆட்டிப்படைத்தது.

ஏன் ஐந்து மணி? ஐந்து மணி ஒரு நிமிடத்தில் முடித்தால் உடம்புக்கு என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. இது எங்களுக்கு மட்டும் வந்த பித்து இல்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் சிலர் தொண்ணூறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாரத்தான் ஓட்ட நேரங்களைத் திரட்டி ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டனர். மூன்று மணி, மூன்றரை மணி, நான்கு மணி ஆகிய முழு எண்களுக்குச் சற்று முன்னே முடித்தவர்கள் கூட்டமாய்க் குவிந்திருந்தனர். எல்லையைத் தாண்டியவுடன் எண்ணிக்கை சட்டெனச் சரிந்தது. முழு எண்ணை நெருங்கியவர்கள் எல்லாரும் தளரும் கடைசிக் கட்டத்தில்தான் வேகம் கூட்டியிருந்தார்கள். 1954இல் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடியதும், 2019இல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்ததும் இத்தகைய எண்ணின் ஈர்ப்பால்தான். முறைவைத்துத் துணைக்கு ஓடியவர்கள் பலர் இருந்ததால் கிப்சோகேயின் நேரம் சாதனையாகப் பதிவாகவில்லை. உலகம் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

ஆனால் எங்கள் மனத்தில் நின்றவர் அவர்கள் அல்லர், ஷிவ்நாத் சிங். பீகாரின் பக்சர்ப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து இராணுவத்தில் சேர்ந்தவர். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5000 மீட்டரில் தங்கமும், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராம் இடமும் பெற்றார். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். நாற்பதாண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியராலும் அந்த நேரத்தைத் தாண்ட இயலவில்லை. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் என்பதே எங்களை அவரிடம் ஈர்த்தது. கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 விநாடி! ஐந்து மணி நேரக் கணக்கில் எங்களுக்குக் கிடைப்பதோ கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. அவர் பந்தயத்தை முடித்து வியர்வை துடைக்கும்போது நாங்கள் பத்தொன்பதாவது கிலோமீட்டரைத் தொட்டிருக்க மாட்டோம். 2003இல் அவர் மறைந்தபோது நாளிதழில் எத்தனை வரி வந்தது என்று தேடிப் பார்க்க மனம் வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. ஓட்டம் நடக்குமோ என ஐயுற்றோம். நடந்தது. 2024 ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, இருள் விலகாத நேரத்தில் நேப்பியர் பாலத்தருகே ஆயிரக்கணக்கானோர் நடுவில் நின்றோம். மூத்தவருடைய சர்க்கரைச் சராசரி அதற்குள் 6.7க்கு இறங்கியிருந்தது. கையில் பேரீச்சம்பழமும், தாளில் மடித்த உப்பும்.

முதற்பாதியை 2 மணி 27 நிமிடத்தில் கடந்தோம். கடற்காற்று ஈரமாய் முகத்தில் ஒட்டிற்று. முப்பதாவது கிலோமீட்டரில் 3 மணி 31 நிமிடம். எல்லாம் கணக்குப்படியே இருந்தது. உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான் தீரத் தொடங்கும். அதை அறிந்தே பேரீச்சம்பழங்களைச் சிறுகச் சிறுகத் தின்றுகொண்டு வந்தோம். முப்பத்துமூன்றில் இளையவரின் கெண்டைக்கால் கயிறாய் முறுக்கிக்கொண்டது. சாலையோரம் அமர்ந்துவிட்டார்.

"அண்ணே, நீ போ. நேரம் போகுது."

மூத்தவர் குனிந்து கெண்டைக்காலைப் பிடித்து நீவினார். உப்பை அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். "அஞ்சு மணி நேரம்னு சொன்னது நீ. உன்னை விட்டுட்டுப் போயி நான் யாருகிட்ட அதச் சொல்ல?" என்றார்.

எழுந்தோம், நடந்தோம், மெல்ல ஓடினோம். முப்பத்தைந்தில் 4 மணி 9 நிமிடம் ஆகியிருந்தது. கையிருப்பு முழுதும் கரைந்து போயிற்று. எஞ்சிய ஏழு கிலோமீட்டரையும் தொடக்கத்தில் வகுத்த அதே வேகத்தில், ஒரு விநாடியும் சிந்தாமல் ஓடியாக வேண்டும். கதிரவன் ஏறிவிட்டான். பேச்சு நின்றது. அடுத்த ஐந்து கிலோமீட்டரில் எதைக் கண்டோம், எதைக் கடந்தோம் என்பது இன்றும் தெளிவாக இல்லை. யாரோ ஒரு சிறுமி நீட்டிய ஆரஞ்சுச் சுளை மட்டும் நினைவிருக்கிறது. நாற்பதில் 4 மணி 44 நிமிடம் 30 விநாடி. அதன் பின் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அறிஞர்கள் கண்ட அந்தக் கடைசிக் கட்ட வேகம் எங்கள் கால்களுக்குள்ளும் எங்கோ ஒளிந்திருந்திருக்க வேண்டும்.

4 மணி 59 நிமிடம் 22 விநாடி.

முப்பத்தெட்டு விநாடி மிச்சம். கட்டித் தழுவிக்கொள்ளவும் திராணி இல்லை. ஒரு மரநிழலில் இருவரும் சரிந்து அமர்ந்தோம். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிவிட்ட இளம்பெண், "எந்த ஊரு சார்?" என்று கேட்டாள். மல்லாங்கிணறு என்றோம். அவளுக்கு விளங்கவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் என்றோம், தலையாட்டினாள். மல்லிகைப் பூவுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற ஊரிலிருந்து இப்படியும் இருவர் வருவார்களா என்று அவள் எண்ணியிருக்கக் கூடும்.

பிறகு மூத்தவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். காலணியைக் கழற்றி, காலுறையை மெல்ல உருவி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். வலது கட்டை விரலுக்குக் கீழே புளியங்கொட்டையளவு ஒரு கொப்புளம். இளையவர் பதறி, அதைச் சுற்றிலும் விரலால் இலேசாய் அழுத்தினார்.

"ஆ... வலிக்குதுடா" என்றார் மூத்தவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். இளையவர் மற்றொரு முறை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"நல்லா வலிக்குது."