பட்டை இழந்த பவளம்

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவரில் பெரும்பாலோர் சிராங்கூன் சாலையில்தான் கால் வைக்கிறோம். வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, தேக்காவில் சாமான் வாங்கி, புடவைக் கடை ஏறி இறங்கினால் பயணம் முடிந்தது என்று திரும்பிவிடுகிறோம். இம்முறை அதே பெயருள்ள இன்னொரு இடத்தையும் பார்த்து வந்தேன். வாருங்கள், உங்களையும் அழைத்துப் போகிறேன்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் சிராங்கூன். அங்கிருந்து பஸ் பிடித்தால் சிராங்கூன் நார்த் அவென்யூ 1. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் பல மீன் கடைகள். குழம்புக்கு வாங்கும் மீன் அல்ல. கண்ணுக்கு வாங்கும் மீன்!

அங்கே போகக் காரணம் என் அக்காள் மகன். அவன் வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதிலிருந்த பவளத்துண்டு அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. "மாமா, இது தாங்காது போல இருக்கு" என்று முகம் வாடிச் சொன்னான்.

பவளம் கல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது உயிர்ப் பிராணி! சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டி, அதன்மேல் மெல்லிய சதையாய்ப் படர்ந்து வாழ்கின்றன. சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெளிச்சத்தில் உணவு தயாரித்து ஊட்டுகிறது. சூடு மிஞ்சினால் பாசி வெளியேறி பவளம் வெளுக்கும். ஆனால் சதை இருக்கும், பிழைக்க வழியுண்டு. சதையே உரிந்து கூடு தெரிந்தால் அது வேறு நோய். எங்கள் துண்டுக்கு வந்தது இரண்டாவது.

கடைக்காரர் மருந்தை எடுக்கவில்லை. "முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்" என்றார். விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. பவளம் வேகமாக வளரட்டும் என்று பையன் காரச்சத்து மருந்தை ஒரே நாளில் அள்ளி ஊற்றியிருக்கிறான். மரத்துக்கு உரம் நல்லதுதான். மூட்டையோடு கொட்டினால் என்ன ஆகும்?

அவர் சொன்ன வைத்தியம் இது. உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, சூடு 25, 26 டிகிரி என்று தண்ணீர் ஒரே நிலையில் நிற்க வேண்டும். தவறை ஒரே நாளில் திருத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமைன் இருப்பதால் வடிகட்டிய நீரே நல்லது. சதை உரிவது நிற்காவிட்டால், உயிருள்ள பகுதியில் சற்று உள்ளே தள்ளி வெட்டி, கெட்டதை நீக்க வேண்டும். பவளத்துக்கென்று விற்கும் அயோடின் கரைசலில் சீட்டில் உள்ள அளவுப்படி முக்கி, கழுவி, புதுக் கட்டையில் பசை வைத்து ஒட்டலாம். அந்தக் கரைசலைத் தொட்டியில் கொட்டக் கூடாது. பிறகு மங்கலான வெளிச்சம், மிதமான நீரோட்டம். சில வகைப் பவளங்களில் கடும் விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. மீனுக்குப் போடும் செம்பு கலந்த மருந்து பவளத்துக்கு எமன்!

பிறகு? "சும்மா இருங்கள். அதுதான் கஷ்டம்" என்று சிரித்தார்.

கேட்கக் கேட்க எனக்கு நம் ரப்பர் மரமே கண்ணில் நின்றது. 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் வந்து இறங்கிய ஊர் சிங்கப்பூர். 1888 முதல் 1911 வரை பூமலைத் தோட்டத்தை நிர்வகித்த ரிட்லி துரைதான், மரம் சாகாமல் பட்டை சீவும் முறையை வகுத்தவர். கத்தி ஆழம் போனால் காயம். உள்ளிருக்கும் உயிர்ப்படையைத் தொடாமல் விட்டால் புதுப்பட்டை வரும். இது உங்கள் கை அறிந்த பாடம். பவளமும் அப்படித்தான். ஓரத்தில் நல்ல சதை மிஞ்சினால், வெற்றுக்கூட்டின் மேல் மெல்லப் படர்ந்து மூடிவிடும்.

தொட்டியில் நடப்பதே கடலிலும் நடக்கிறது. ஏறத்தாழ 250 வகைக் கல் பவளங்கள் உள்ள சிங்கப்பூர்க் கடலில், கரை தூர்த்ததால் பவளப்பாறையில் பெரும்பகுதி அழிந்தது. 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஆயினும் 2007-இல் செமாக்காவ் தீவருகே கடலடியில் ஒரு நாற்றங்கால் போட்டார்கள். அலையில் உடைந்து கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி வளர்த்து மீண்டும் நடுவதே வேலை. 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் 1,00,000 பவளங்கள் நடும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் ஆகுமாம்.

எங்கள் துண்டு என்ன ஆயிற்று என்கிறீர்களா? இரண்டாக வெட்டினோம். ஒன்று மூன்றாம் நாளே செத்தது. மற்றது ஒரு மாதம் அசையவில்லை. பிறகு பையன் படம் அனுப்பினான்: வெட்டிய ஓரத்தில் நகக்கீறல் அளவு புதுச்சதை!

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், பிள்ளைகள் உயிருள்ள பவளத்தை ஒடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கல் அல்ல, பட்டை போர்த்திய உயிர் என்று சொல்லிக் கொடுங்கள். மரத்தின் காயம் அறிந்த உங்களைவிட அதை யார் நன்றாகச் சொல்ல முடியும்?