துளி விழும் இடம்

பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களில் அவ்வப்போது எழும் கேள்வி ஒன்றுண்டு. நிறுத்திய இடத்தில் நான்கைந்து துளி எண்ணெய் சிந்தியிருக்கிறது. இப்போதே பழுது பார்ப்பதா, சிறிது காலம் பொறுப்பதா? சமவெளியில் வாழ்வோர் இதைச் செலவுக் கணக்காக மட்டும் கருதலாம். குன்னூரில் வாழும் எங்களுக்கு அது இயலாது. ஏறக்குறைய 6000 அடி உயரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே நாங்கள் மேட்டுப்பாளையம் இறங்குகிறோம்.

எங்கள் இல்லத்தில் இன்றும் ஓடுவது ஓர் அம்பாசடர். 1958இல் வெளிவரத் தொடங்கி, 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில், கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலுள்ள திருகு வரிகளே சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்புகின்றன. எஞ்சின் நின்றதும் அவ்வேலையும் நின்றுவிடும். ஆகவே முகப்பு மேல்நோக்கி இருக்குமாறு சரிவில் நிறுத்தினால், சில துளிகள் கசிவதில் வியப்பில்லை.

எத்தனை துளி என்பதைவிட, எங்கே விழுகிறது என்பதே முதற் கேள்வி. இரவில் வண்டிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் விடை கிடைக்கும்.

வால்வு மூடியின் கார்க் கேஸ்கட் கசிந்தால் செலவு சொற்பம், விரைவில் மாற்றிவிடலாம். ஆனால் அந்த எண்ணெய் சூடான புகைக்குழாய் மீது வழிந்து தீய்ந்த நாற்றம் வந்தால், தீப்பற்றும் அபாயம் உண்டு; தாமதம் கூடாது. எஞ்சினின் பின்முனைக் கசிவைச் சீர்செய்ய கியர்பாக்ஸையே கழற்ற வேண்டும். எனவே அதைக் கிளட்ச் தட்டு மாற்றும் நாளுக்கு ஒத்திவைத்தோம். அதுவரை வாரந்தோறும் சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்க்கிறோம். சரிவில் பார்த்தால் அளவுகோல் தவறாகக் காட்டும். ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி நகரத் தயங்கினால், எண்ணெய் கிளட்ச்சைத் தொட்டுவிட்டது என்று ஐயுற்று உடனே பணிமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒருநாளும் பொறுக்கலாகாத கசிவு சக்கரத்தின் உட்புறத்தில் தோன்றுவது. அது பிரேக் திரவமாக இருக்கலாம். அச்சிலிருந்து வரும் எண்ணெயாகவும் இருக்கலாம். எதுவாயினும், இறக்கத்தில் நம்மைத் தாங்கும் பிரேக்கையே அது கெடுக்கும். சென்ற மழைக்காலத்தில், வீட்டு முதியவரை மருத்துவத்திற்காகக் கோவைக்கு அழைத்துச் செல்லும் நாளுக்கு முந்திய மாலை, பின்சக்கர உட்புறத்தில் ஈரம் கண்டோம். ஒரு கைவிரல் அளவுதான். வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் சென்றோம். பணிமனையில் டிரம்மைத் திறந்தபோது பிரேக் பட்டைகள் எண்ணெயில் நனைந்திருந்தன. பெருந்துளிகள் சிந்திய எஞ்சின் பொறுத்தது. சிறு ஈரம் காட்டிய சக்கரம் பொறுத்திராது.

பிறரையும் நாம் எண்ண வேண்டும். வளைவில் சிந்தும் எண்ணெய், மழை நனைத்ததும் இருசக்கர வண்டியில் வருபவரைச் சறுக்கி வீழ்த்தக்கூடும். முற்றத்தில் சிந்தியது மழையோடு ஓடையில் சேரும். நீலகிரியின் ஓடைகள் பவானிக்குச் சென்று கீழ்நாட்டாரின் குடிநீராகின்றன. பழுதைத் தள்ளிவைக்கும் குடும்பம், வண்டிக்கடியில் மரத்தூள் பரப்பிய தட்டையாவது வைப்பது கடமை.

சிக்கனம் நல்லதே. எந்தச் செலவைத் தள்ளலாம், எதைத் தள்ளலாகாது என்று பிரித்தறிவதே அதன் உயிர்.