மாத்திரைப் பட்டையும் அடையாள அட்டையும்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் ஊரடங்கை அறிவித்ததும் ஜனங்கள் பாலுக்கும் அரிசிக்கும் ஓடினார்கள். ஊடுபால் (இன்டர்செக்ஸ்) உடலோடு பிறந்தவர்களில் சிலருக்கு அதைவிட அவசரமான கணக்கு ஒன்று இருந்தது: பட்டையில் இன்னும் எத்தனை மாத்திரை?

அந்தச் சிலருக்கு இருப்பது பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்றொரு நிலை. உடல் போதிய கார்ட்டிசால் சுரக்காது. கடுமையான வகை என்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தினமும் இரண்டு மூன்று வேளை, ஆயுள் முழுக்க. காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் ஊசிதான். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலே ஊரைச் சுற்றிவந்த அந்த நாட்களில் பல மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு பூட்டிக் கிடந்தது.

பனாமாவில் நடந்த கூத்து வேறு. ஏப்ரல் 1 முதல் பெண்கள் திங்கள், புதன், வெள்ளி; ஆண்கள் செவ்வாய், வியாழன், சனி என்று முறைவைத்துத்தான் வெளியே வரலாம். அடையாள அட்டை ஒன்று சொல்ல, முகம் வேறொன்று சொன்னால்? திருநர்கள் பலர் தெருவில் நிறுத்தப்பட்டார்கள். அதே கேள்வி ஊடுபாலினருக்கும்தான். பெருவும் இந்த முறைவைப்பைச் செய்துபார்த்து, ஒரு வாரத்திலேயே கைவிட்டது.

ஊடுபால் குழந்தைகளுக்கான அவசியமற்ற அறுவைச் சிகிச்சையை 2019 ஆகஸ்டிலேயே தடைசெய்தது தமிழ்நாடு. பெருமைதான். ஆனால் 2021இல் தடுப்பூசிக்குப் பதிய கோவின் தளத்தைத் திறந்தால் ஆண், பெண், மற்றவர். திருநரும் ஊடுபாலினரும் அந்த ஒற்றைக் கட்டத்துக்குள். எத்தனை ஊடுபாலினர் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று அந்தக் கணக்கில் தேடினால் கிடைக்காது.