24 வயதில் ஓய்வு

இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் மேடிசன் நகரில் காய்கறி வாங்கப் போவதென்றாலும் நேரம் பார்த்துத்தான் காரை எடுக்க வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு உள்ளூரில் ஆட்டம் இருந்தால், கேம்ப் ராண்டல் அரங்கைச் சுற்றிய தெருக்களில் எங்கு பார்த்தாலும் சிவப்புச் சட்டைதான். வீட்டு வாசல் புல்வெளியைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுகிறவர்கள் அட்டையில் விலை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காலையிலேயே பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி சுடும் புகை மூக்கைத் துளைக்கும். மூன்றாம் கால்பகுதி முடிந்து ‘ஜம்ப் அரவுண்ட்’ பாட்டு ஒலித்தால் 75,000 பேர் கூடிய அரங்கே எகிறிக் குதிக்கும். மேல்தளத்தில் இருப்பவர்களுக்குக் காலடியில் சிமென்ட் ஆடுவது தெரியும்.

அமெரிக்கா வந்த புதிதில் இந்த ஆட்டத்தின் தலையும் வாலும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடவைத்தவர் 44ஆம் எண் சட்டை போட்ட கிறிஸ் போர்லண்ட். அவர் ஒரு லைன்பேக்கர். தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று, எதிரணி பந்தை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று கணித்து, ஓடி வருபவனை இடித்துச் சாய்ப்பது (டேக்கிள்) அவர் வேலை. கபடியில் பாடி வருபவனை எந்த நொடியில் மடக்குவது என்று காத்து நிற்கும் பிடிவீரனைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஒஹாயோ மாநிலத்தின் கெட்டரிங் ஊர்க்காரர். உயரம் ஆறடிகூட இல்லை; லைன்பேக்கருக்கு அது குறைவு. ஆனாலும் 2009இல் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பிக் டென் கூட்டமைப்பின் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டின் பெரும்பகுதியைத் தோள்பட்டைக் காயம் தின்றது. மீண்டு வந்து, 2013இல் பிக் டென்னின் சிறந்த தற்காப்பு வீரரானார். எதிராளி கையிலிருந்து பந்தைத் தட்டி விழவைப்பதில் அவர் பெயரில் சாதனையே இருந்தது. வரலாறு படித்துப் பட்டமும் வாங்கினார். அந்த ஐந்தாண்டுகளுக்கு அவருக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும்தான். கல்லூரி வீரர்கள் தம் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்ற அனுமதியே 2021இல்தான் வந்தது.

2014இல் தொழில்முறை லீக்கின் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணி, வீரர் தேர்வின் மூன்றாம் சுற்றில் அவரை எடுத்தது. மூத்த வீரர் பாட்ரிக் வில்லிஸ் காயம்பட்டு விலக, அவர் இடத்தில் இறங்கி அந்த ஒரே பருவத்தில் நூறு டேக்கிளைத் தாண்டினார். நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு முறை பந்தை நடுவழியில் பறித்தார். எல்லோரும் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கையில், 2015 மார்ச்சில், 24 வயதில், விளையாட்டை விட்டுவிடுவதாக அறிவித்தார். பயிற்சி முகாமில் ஒரு மோதலுக்குப் பிறகு தலை கிறுகிறுத்தும், அணியில் இடம் போய்விடுமே என்று தொடர்ந்து ஆடியதாகச் சொன்னார். தலையில் தொடர்ந்து அடிபட்டால் மூளைக்கு என்ன ஆகும் என்று ஆய்வாளர்களிடமும் முன்னாள் வீரர்களிடமும் கேட்டு, படித்து, யோசித்து எடுத்த முடிவு அது. ஒப்பந்தத்துக்காக வாங்கிய முன்பணம் ஆறு லட்சம் டாலருக்கு மேல். அதில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தார்.

அப்படிப் பாதிக்கப்பட்டவர்களாக அப்போது அவர் சொன்ன பெயர்களில் ஒன்று மைக் வெப்ஸ்டர். அவரும் இதே விஸ்கான்சினில் ஆடியவர். பின்பு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்காக நான்கு சூப்பர் பவுல் வென்றவர். கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறி, வீடின்றி, 2002இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்து தலையடிகளால் வரும் சி.டி.இ. என்ற சிதைவைக் கண்டவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவர். இந்த ஆட்டத்தோடு வளராதவர். வெப்ஸ்டர் யாரென்றே அவருக்குத் தெரியாது. 2005இல் அவர் கட்டுரை வெளியான பிறகு லீக்கின் மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். வந்தேறிக்கு என்ன தெரியும் என்ற இளக்காரத்தைக் கொஞ்சமாவது அனுபவித்த நமக்கு, அவர் அசையாமல் நின்றதன் அருமை தெரியும்.

2017இல் வெளிவந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், கல்லூரியோடு நிறுத்திய 53 பேரின் மூளைகளில் 48இல் அதே சிதைவு இருந்தது. சந்தேகப்பட்ட குடும்பங்கள் தானமாகத் தந்த மூளைகள் அவை. எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி ஆட்டத்தோடு நின்றவர்களுக்கு ஆபத்தில்லை என்றும் இனி சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்கும் ஆடவிடலாமா என்ற கேள்வி வந்தது. மகன் பள்ளி அணியில் சேர ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். தலையில் அடிபட்டால் தெரியும் அறிகுறிகள் வரிசையாக இருந்தன. கீழே கையெழுத்துக்குக் கோடு. 2012இல் விஸ்கான்சின் இயற்றிய சட்டப்படி அதில் கையெழுத்திடாமல் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள்.

“படிச்சீங்களா, இல்ல நேரா கோட்டுக்குப் போயிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“போர்லண்ட் ஆடி முடிச்சிட்டுத்தானேப்பா விட்டாரு?” என்றான் மகன்.

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. டேக்கிள் இல்லாத ஃபிளாக் ஃபுட்பாலை இப்போது ஆடட்டும், மற்றதை உயர்நிலைப் பள்ளியில் பேசிக்கொள்வோம் என்று சமாதானமானோம்.

வேலை போனால் அறுபது நாளில் ஊருக்குக் கிளம்ப வேண்டிய விசாவில் வாழ்ந்தவர்கள் நாம். பிடித்ததை விடாதே என்றே பிள்ளைகளை வளர்க்கிறோம். போர்லண்டின் டேக்கிள்களை விட அவர் விட்ட விதத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: தீர விசாரித்தார், கணக்குத் தீர்த்தார், கிளம்பினார்.

உங்கள் பிள்ளையும் அந்தத் தாளைக் கொண்டுவந்தால், கையெழுத்துக்கு முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் மோதிப் பழகுகிறார்கள்? அடிபட்டால் உடனே பார்க்க மைதானத்தில் யார் இருப்பார்கள்? அடிபட்டவனை மருத்துவ அனுமதிக் கடிதம் இல்லாமல் இந்த மாநிலத்தில் மறுபடி இறக்கக் கூடாது. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. போதும் என்று பிள்ளை ஒருநாள் சொன்னால், அதைத் தோல்வி என்று சொல்லாதீர்கள்.