பட்டியல் ஏன் இவ்வளவு இழுத்தது?



புத்தளத்தில் எடுத்த பட்டியலையும் முல்லைத்தீவில் எடுத்த பட்டியலையும் பொருத்திப் பார்க்க ஏன் இத்தனை நாள் என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட சமூகம் நாங்கள். ஒரு பெயர் விடுபட்டால் காணி, வீடு, வாக்கு என்று எல்லாவற்றுக்கும் அலைய வேண்டி வரும்.

பெயரை வைத்துப் பொருத்த முடியாது. ஒரே ஆள் ஒரு தாளில் முகம்மது, இன்னொன்றில் முஹம்மத், மற்றதில் மொஹமட். ஆகவே அடையாள அட்டை இலக்கம்தான் வழி. அதிலும் சிக்கல். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்ததில் 12 இலக்கம். இரண்டு பட்டியலிலும் இரண்டு வகையும் கலந்து கிடந்தன.

பழையதைப் புதியதாக்குவது லேசு. முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாவது தானத்துக்குப் பிறகு ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் சரி. வழமையாக இந்த மாற்றத்தை இரு அட்டவணைகளையும் இணைக்கும் கட்டளைக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். எங்கள் கைக்கு வந்த கட்டளையும் அப்படித்தான் இருந்தது. ஒன்றில் 3000 பேர், மற்றதில் 5000 பேர் என்று வையுங்கள். ஒவ்வொருவரையும் ஒவ்வொருவரோடும் ஒப்பிட்டால் 1.5 கோடி தடவை!

"இன்டெக்ஸ் இருக்கே சேர்?" என்று ஒரு தம்பி கேட்டார். இருக்கிறது, ஆனால் எழுதிவைத்த இலக்கத்துக்கு. மாற்றிக் கணித்த இலக்கத்துக்கு அல்ல. அகராதியில் சொல்லைக் கடைசி எழுத்தை வைத்துத் தேடுவது போலத்தான், ஒழுங்கு இருந்தும் உதவாது. மைஎஸ்கியூஎல்லில் கட்டளைக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்த்தோம். ஓல் என்று காட்டியது. முழு அட்டவணையையும் வாசிக்கிறது என்று அர்த்தம். புது மடிக்கணினி வாங்கச் சொன்னவர்களும் உண்டு. அந்தக் காசு மிச்சம்.

இரு பட்டியலிலும் 12 இலக்கத்துக்கென்று தனி நிரல் ஒன்று சேர்த்து, ஒரே தடவை நிரப்பி, அதற்கு இன்டெக்ஸ் போட்டோம். இரண்டையும் எழுத்து வகையாகவே வைத்தோம். ஒன்று எண்ணாகவும் மற்றது எழுத்தாகவும் இருந்தால் திரும்பவும் அதே இழுவைதான். இப்போது சில விநாடியில் விடை வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனாலும் பொருந்தாத பெயர்கள் இருக்கின்றன. இலக்கம் பிழையாக எழுதப்பட்டவர்கள், அட்டை தொலைத்தவர்கள். அந்தப் பட்டியல் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் இருக்கும், இன்ஷா அல்லாஹ். உம்மம்மாமாரின் பழைய அட்டையையும் கொண்டு வாருங்கள். இலக்கத்தைத் தயவுசெய்து இங்கே கீழே எழுத வேண்டாம்.