தகப்பனார் பெயர் என்ற கட்டம்

கணக்குத் தொடங்கும் படிவங்களைச் சரிபார்ப்பது வங்கியில் என் வேலைகளில் ஒன்று. பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர். எல்லோரும் யோசிக்காமல் எழுதிவிடும் கட்டம் அது. ஏஞ்சலிக்கா கார்னெட்டைப் படித்த பிறகு அந்த இடத்தில் என் பேனா ஒரு கணம் நின்றுவிடுகிறது.

ப்ளூம்ஸ்பரி என்ற பெயர் பி.ஏ. வகுப்பில் அறிமுகம். வர்ஜீனியா வுல்ஃபைப் பரீட்சைக்காகப் படித்தேன். பிறகு பரீட்சையை மறந்து படித்தேன். அவருடைய தமக்கை வனெஸ்ஸா பெல் ஓவியர். ஸஸெக்ஸில் சார்ல்ஸ்டன் என்ற பண்ணை வீட்டுக்கு 1916-ல் குடிவந்த வனெஸ்ஸாவும் டங்கன் கிராண்டும் கதவு, சுவர், மேஜை, கட்டில் என்று கைக்கு எட்டிய பரப்பிலெல்லாம் வரைந்தார்கள். வாழ்வும் சிருஷ்டியும் வேறல்ல என்பதற்கு நிரூபணமாக அந்த வீட்டை நண்பர்களிடம் நான் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன்.

அங்கே 1918 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர் ஏஞ்சலிக்கா. டங்கனின் மகள். ஆனால் ஊருக்கும் அவருக்கும் சொல்லப்பட்டது, வனெஸ்ஸாவின் கணவர் கிளைவ் பெல்லின் மகள் என்று. கிளைவும் உடன்பட்டார். 1937-ல், அண்ணன் ஜூலியன் ஸ்பெயின் யுத்தத்தில் இறந்த கோடையில், தாய் உண்மையைச் சொன்னார். மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. 1942-ல் அவர் மணந்துகொண்ட டேவிட் கார்னெட் அவரைவிட இருபத்தாறு வயது மூத்தவர். ஒரு காலத்தில் டங்கனின் காதலர். இதையும் வீட்டார் அவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை.

டங்கன் 1978-லும் கார்னெட் 1981-லும் இறந்தார்கள். 1984-ல் 'டிஸீவ்ட் வித் கைண்ட்னஸ்' வெளிவந்தது. 2010-ல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், அதே வாழ்க்கையைக் கதைகளாக்கி 'தி அன்ஸ்போக்கன் ட்ரூத்'. ஒரு மனுஷி ஒரே வீட்டிலிருந்து வெளியேற இரண்டு புத்தகங்களும் கால் நூற்றாண்டும் தேவைப்பட்டிருக்கின்றன.

வம்பை எதிர்பார்த்துத்தான் முதல் புத்தகத்தைப் பிரித்தேன். அதில் வில்லன் யாரும் இல்லை. அதுதான் சங்கடம். குழந்தையை எல்லோரும் கொஞ்சுகிறார்கள், அலங்கரிக்கிறார்கள், வரைகிறார்கள். சித்தி வர்ஜீனியாவின் 'ஆர்லாண்டோ'வில் (1928) ருஷ்ய இளவரசியின் புகைப்படமாக இருப்பது இந்தச் சிறுமிதான். இவ்வளவு பேர் உற்றுப் பார்த்த ஒரு குழந்தையிடம் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. உருவமும் வர்ணமும் கண்ணில் பட்டன, கேள்வி படவில்லை.

விக்டோரியக் குடும்பத்தின் பாசாங்கை உதறி வந்தவர்கள் இவர்கள். ஆனால் கிளைவின் பணக்காரத் தகப்பனாருக்கு விஷயம் தெரியக்கூடாது என்பது பொய்க்கு ஒரு காரணம். ஆக, சுதந்திரம் பெரியவர்களுக்கு. அதைக் காப்பாற்றும் பழைய பாசாங்கு குழந்தையின் தலையில். தகப்பனார் பெயர் என்ற கட்டத்தை அவர்களும் ஒழுங்காக நிரப்பித்தான் வைத்தார்கள்.

கலைஞனின் வீட்டு விவகாரம் விமர்சகனுக்கு வேண்டாதது என்று எழுதி வந்தவன் நான். இன்றும் வனெஸ்ஸாவின் ஓவியம் இதனால் ஒரு குண்டுமணி குறைந்துவிடாது. ஆனால் வாழ்க்கையே கலை என்று உரிமை கொண்டாடினால், அந்த வாழ்க்கையும் விமர்சனத்துக்கு வந்துதான் தீரவேண்டும். சுவரில் வரைந்ததைப் பார்க்கிறவன், அந்தச் சுவர்களுக்குள் வளர்ந்தவளிடமும் கேட்கவேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள இத்தனை நாள் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சௌகரியத்துக்குக் காரணமும் உண்டு. ஞாயிறு காலைகளில் நான் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். 'அப்பாவுக்கு பேங்க் வேலை இருக்கு, தொந்தரவு பண்ணாதே' என்று மனைவி மகளிடம் சொல்கிறாள். சொல்லச் சொன்னவன் நான். முந்நூறு பிரதிகூடப் போகாத பத்திரிகைக்குக் கட்டுரை என்றால் கடற்கரைக்குப் போகாததற்கு அது காரணமாகாது. பேங்க் வேலை என்றால் குழந்தை நம்புகிறது. சின்னப் பொய்தான். அன்போடு சொல்லப்படுவதுதான்.

இந்தக் கட்டுரையும் அந்தப் பொய்யின் மறைவில் எழுதப்பட்டது. கதவைத் திறந்ததும் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.