மதியம் இரண்டு மணித் துக்கம்

விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபேகோ ஏரி உறைந்து கிடக்கும்போது, பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை ஸ்டர்ஜன் மீன் பருவம் தொடங்குகிறது. காலை ஏழிலிருந்து பகல் ஒரு மணி வரைதான் ஈட்டி எறியலாம். அதனால் அந்த இரங்கல் கூட்டத்தை மதியம் இரண்டு மணிக்கு வைத்திருந்தார்கள். போனவருக்கும் மரியாதை, மீனையும் விட்டுவிடக் கூடாது. நீனாவில் இருக்கும் தங்கை இதைச் சொன்னபோது, நல்ல ஜனங்கள்டா என்று மனசுக்குள் வைதேன்.

“அவரே சொல்லி வச்சிட்டுப் போனதுதான் அண்ணா” என்றாள்.

அவர் பக்கத்து வீட்டுக்காரர். நான் பார்த்ததே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் காகித ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று உடம்புக்கு எந்த நேரமும் பழகாத வேலை. தங்கை குடிவந்த முதல் குளிர்காலத்தில், விடிவதற்கு முன்னால் இவர்கள் வாசல் பனியையும் சேர்த்து மெஷினால் தள்ளிவிட்டிருக்கிறார். நன்றி சொல்லப் போனால், “மெஷின் ஓடிக்கிட்டுதானே இருந்தது” என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். அதற்கப்புறம் பனி கொட்டும்போதெல்லாம் இதேதான். தங்கை மகளுக்கு அவர் பனித் தாத்தா.

சர்ச்சின் அடித்தளக் கூடத்துக்குப் படியிறங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏரியிலிருந்து நேராக வந்த ஆண்கள் தடித்த பனி உடுப்பும் ஈர பூட்ஸுமாக நின்றார்கள். கூடம் முழுக்க காபி வாசனையும் கேஸ் ஹீட்டர் வாடையும். எங்கள் பக்கம் சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். உறவுக்காரர் வீட்டிலிருந்து சோறு வரும். இங்கேயும் அந்த வீட்டார் எதையும் சமைக்கவில்லை. சர்ச் பெண்கள் பன்றித் தொடைக்கறி வைத்த பன்னும், பாலாடைக்கட்டி உருக்கிய உருளைக்கிழங்கும் அடுக்கியிருந்தார்கள். கேரட் துருவல் போட்ட பச்சை ஜெல்லியை சாலட் வரிசையில் பார்த்ததும் நகரப் பார்த்தேன். பரிமாறிய பாட்டி விடவில்லை. இனிப்பா காய்கறியா என்று நாக்கு கடைசிவரை முடிவுக்கு வரவில்லை.

அஸ்திக் கலசத்துக்குப் பக்கத்தில் அவர் செதுக்கிய மர மீன் ஒன்று இருந்தது. மீனை ஈர்க்கத் தண்ணீருக்குள் தொங்கவிடும் பொம்மை. தகரத்தை வெட்டிச் செருகிய துடுப்புகள், வயிற்றில் குடைந்து ஊற்றிய ஈயம், முதுகில் சிவப்புச் சாயம். ஒரு துடுப்பு கோணல். வருகிறவர்கள் எல்லாம் கலசத்தைத் தொடாமல் அதைத் தொட்டு, அந்தத் துடுப்பை நிமிர்த்தப் பார்த்துவிட்டுப் போனார்கள். படங்கள் ஒட்டிய பலகைகளில் நவம்பர் மான் வேட்டைக்கான பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை, படகு, கூடாரம், தோளில் பேரப்பிள்ளை. ஆலையில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. வாழ்நாளில் பாதியை விழுங்கிய இடத்துக்குப் பலகையில் ஓர் ஓரம்கூடக் கிடைக்கவில்லை. கொலைகாரப் பொழுதுபோக்குக்கு இத்தனை இடம் என்று எனக்குச் சுருக்கென்றது. அந்த மாதிரி மனிதர்களைப் பற்றி நான் முன்பே ஒரு தீர்ப்பு வைத்திருந்தேன்.

தகராறு காபி மேஜையில் ஆரம்பித்தது. பனிக்கட்டியில் கயிற்றுக் கட்டில் அளவுக்கு ஓட்டை அறுத்து, அதன்மேல் ஜன்னல் இல்லாத மரக்குடிசையை நகர்த்தி வைப்பார்கள். உள்ளே இருட்டு, கீழே தண்ணீர் மட்டும் பச்சையாக ஒளிரும். ஈட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் மாட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். ஒரு மீன்கூடக் காணாமல் பல பருவங்கள் போகும். ஒருநாள் ஓட்டைக்கு நேர்கீழே ஆளுயர ஸ்டர்ஜன் ஒன்று வந்து நின்றிருக்கிறது. அவர் ஈட்டியைத் தொடவில்லை. மீன் போய்விட்டது. இதுவரை எல்லோருக்கும் சம்மதம். ஏன் தொடவில்லை என்பதில்தான் சண்டை.

“அப்பா வேணும்னேதான் விட்டார். சினை மீன்” என்றாள் மகள். பள்ளிக்கூடப் பிள்ளையாக அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள்.

“உங்கப்பன் தூங்கிட்டிருந்தான். ராத்திரி ஷிப்ட் முடிச்சு நேரா ஐஸுக்கு வந்தவன்” என்றார் பழைய கூட்டாளி.

“‘போகட்டும்’னு சொன்னாரே!”

“தூக்கத்துலயும் அவன் அதைத்தான் சொல்வான்.”

மகன் கூட்டாளி பக்கம் சேர்ந்துகொண்டான். குரல்கள் ஏறின. எங்கள் ஊராக இருந்தால் இது நிலத் தகராறில் போய் முடியும் என்று நான் பன்னைக் கீழே வைத்தேன். அப்போதுதான் அவர் மனைவி வந்தார்.

“தூங்கத்தான் போனார். மூணு பிள்ளைங்க இருக்கற வீட்டுல பகல்ல யார் தூங்க முடியும்? அங்கே ஹீட்டர் இருக்கு, இருட்டு இருக்கு, போன் இல்லை. நான்தான் அனுப்பி வைப்பேன். வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டினதும் நான்தான்.”

கூடமே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

“அப்ப ஏப்ரல்ல ஆத்தங்கரையில ராத்திரி பூரா முழிச்சிருந்தாரே, அது எதுக்கு?”

அம்மாவிடம் பதில் இல்லை. எனக்கு விஷயமே புரியவில்லை. அந்தக் கூட்டாளியைத்தான் ஓரம் கட்டி விசாரித்தேன். வசந்தம் வந்ததும் ஸ்டர்ஜன்கள் உல்ஃப் ஆற்றில் ஏறி, கரைக் கற்களுக்கிடையே முட்டையிடுமாம். கையை நீட்டினால் வாலைப் பிடிக்கலாம், திருடர்களுக்குக் கொண்டாட்டம். பெண் மீன் முதல் முட்டையிடவே இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்கப்புறமும் சில வருஷங்களுக்கு ஒருமுறைதான். ஒன்று போனால் அதை ஈடுகட்ட ஒரு தலைமுறை. இப்படி அள்ளித் தீர்த்துத்தான் 1915இல் பிடிக்கவே தடை வந்தது. 1932இல் குளிர்கால ஈட்டிப் பருவத்தை அனுமதித்தார்கள். இன்றைக்கும் ஆண்டுக்கு இத்தனைதான் என்று கணக்கு. அது நிறைந்தால் பருவம் பாதியிலேயே முடிந்துவிடும். முட்டையிடும் நாட்களில் ஊர்க்காரர்கள் இரவும் பகலும் முறை வைத்து ஆற்றங்கரையில் காவல் இருக்கிறார்கள். காவலுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ஈட்டிக்காரர்கள்தான்.

“அவன் மொத்தம் எத்தனை குத்தினான்?” என்றேன்.

“ரெண்டு” என்றார். “ரெண்டாவது சின்னது. அதைப் பத்திப் பேசினா அவனுக்குக் கோபம் வரும்.”

நான் கேட்ட கேள்வியில் இருந்த அவன் எனக்கே உறைத்தது. ஒரு பன் தின்று முடிப்பதற்குள் பார்த்தே இராத மனிதரை ஒருமையில் அழைக்கும் உரிமை வந்திருந்தது. என் தீர்ப்பு மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்; அந்த மான் படங்களைக் கடந்துபோகையில் இன்னும் பார்வையைத் திருப்பிக்கொண்டுதான் போனேன்.

கிளம்பும்போது மகன் வாசலில் மறித்தான். அப்பா உட்கார்ந்த இடத்துக்கு இந்த ஏப்ரலில் ஆள் வேண்டுமாம். மார்ச்சிலேயே ஊர் திரும்ப டிக்கெட் போட்டாயிற்று என்றேன். அவன் பார்வை தங்கையின் கணவர் மேல் விழுந்தது. அக்டோபரிலேயே கம்பளிக்குள் புகுந்துகொள்கிற மாப்பிள்ளை, என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

“போங்க” என்றாள் அவள். “எத்தனை வருஷம் நம்ம வாசலைத் தள்ளியிருக்கார்.”

மாப்பிள்ளை பேனாவை வாங்கினார்.

“பகல் முறைதானே?”

“ராத்திரி” என்றான் மகன். “நாற்காலி நீங்களே கொண்டு வரணும்.”